வெயில்தான் இருக்கே, வார்ம்-அப் எதுக்கு?

வா கண்ணா, இப்படி உட்கார். பி.டி. பீரியடில் சார் வார்ம்-அப்புக்காக மைதானத்தை மெதுவாகச் சுற்றி ஓடச் சொன்னதும் உனக்கு ஒரு சந்தேகம் வந்ததாமே? "வெயிலே இப்படிக் கொளுத்துது, இதுல உடம்பை வேற சூடாக்கணுமா?" அடடா, பிரமாதமான கேள்வி! பெரியவர்களுக்கே இது தோன்றாது.

வெயில் உன் தோலில் படுகிறது. ஆனால் உன்னை ஓடவைப்பது தோல் இல்லையே! தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கும் தசைதான். உடம்பின் உட்பகுதியில் எப்போதும் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கால் தசையில் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். வெயிலில் நின்றால் உடம்பு வியர்த்து, சூட்டை வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் தசைக்கு வேண்டிய சூட்டைத் தசையேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எப்படி என்கிறாயா? நீ சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து தசைக்குச் சக்தி கிடைக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்குதான் அசைவாக மாறும். மீதியெல்லாம் வெப்பமாகிவிடும்.

ஆர்ச்சிபால்ட் ஹில் என்று இங்கிலாந்தில் ஒரு விஞ்ஞானி இருந்தார். ஓடுவதென்றால் அவருக்கு உயிர். தவளையின் தசை சுருங்கும்போது வரும் வெப்பத்தை அவர் அளந்தார். ஒருமுறை சுருங்கினால் வருவது, ஒரு டிகிரியை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான்! அவ்வளவு சின்ன மாற்றத்தைக்கூட விடாமல் பிடித்தார், பார். 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஓட்டோ மேயர்ஹோஃப் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் கிடைத்தது.

ஒரு சுருக்கத்தில் வருவது துளி வெப்பம். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடினால் எத்தனை சுருக்கம்! தசையின் சூடு விறுவிறுவென ஏறிவிடும். இதுவரை புரிகிறதா? சரி, மேலே போவோம்.

சூடான தசைக்கு என்ன லாபம்? அது சட்டென்று சுருங்கி விரியும். நரம்பு வழியாகச் செய்தி வேகமாகப் பாயும். ரத்தம் தான் சுமந்துவரும் ஆக்சிஜனைத் தசைக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும். முழங்கால் மூட்டுக்குள் வழவழப்பான திரவம் ஒன்று இருக்கிறது. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய் சூடு பட்டதும் இளகுகிறதல்லவா? அந்தத் திரவம் அப்படி உறைவதில்லை. ஆனால் காலை அசைக்க அசைக்க அதுவும் இளகி, மூட்டு லேசாக வேலை செய்யும்.

ரத்தத்துக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பெரியவர் ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்கு. முழுமூச்சாக ஓடும்போதோ ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான்! ரத்தக்குழாய்கள் விரிந்து இதற்கு வழிவிட வேண்டும் அல்லவா?

ஓடும்போது இதயம் வேகமெடுப்பதை நீயே பார்த்துவிடலாம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணு. நாலால் பெருக்கு. மூன்று நிமிஷம் மெதுவாக ஓடிவிட்டு மறுபடி எண்ணு. இரண்டையும் நோட்டில் எழுதிவை.

மைதானத்துக்கு வந்ததும் சிலர் குனிந்து கால்விரலைப் பிடித்தபடி வெகுநேரம் அசையாமல் நிற்பார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் அது வேண்டாம் என்பேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்த தசை, சற்று நேரத்துக்குக் கொஞ்சம் வலு குறைந்திருக்கும். அதற்குப் பதில் மெதுவாக ஓடு, முழங்காலைத் தூக்கி நட, கையைச் சுழற்று. கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா '11+' என்று 20 நிமிஷப் பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்தன என்று ஆய்வுகள் சொல்கின்றன.

உன் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் நீண்ட வார்ம்-அப் வேண்டாம். நிழலில் கொஞ்ச நேரம் போதும். தண்ணீர் குடிக்க மறக்காதே.

அடுத்த முறை டி.வி.யில் கால்பந்து பார்க்கும்போது, எல்லைக்கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனி. பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தாலே தசை மறுபடி ஆறத் தொடங்கிவிடும். அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கு நீயே சொல்லிக்கொடு!