வீட்டு மின்சாரத்தில் மும்முனை மோட்டார்

ஆரணியை அடுத்த சேவூர் பட்டு நெசவு ஊர். கைத்தறிக்குக் கையும் காலும் போதும். இழை சுற்றவும் முறுக்கேற்றவும் மோட்டார் இருந்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் பழைய மிஷின்களில் பெரும்பாலும் 415 வோல்ட் மும்முனை மோட்டார்தான் இருக்கும். வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் ஒருமுனை மின்சாரம்.

மும்முனையில் மூன்று அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் மோட்டாருக்குள் காந்தப்புலம் தானே சுழல்கிறது. 1889 வாக்கில் பொறியாளர் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி உருவாக்கிய இந்த மோட்டாரில் பேரிங்கைத் தவிர தேய்வதற்கு எதுவும் இல்லை. அதன் நீண்ட ஆயுளுக்கு அதுவே காரணம். ஒருமுனையில் காந்தப்புலம் தறி நாடாவைப் போல இங்கும் அங்கும் போய்வருமே தவிர சுழலாது. மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும்.

மும்முனை இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு பம்புசெட் ஓட்டுவது நம் விவசாயிகளுக்குப் பழகிய வழி. கண்டென்சர் ஓர் அலையின் நேரத்தை நகர்த்தி, இல்லாத முனையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் சுமை மாறினால் சமநிலை குலையும், மோட்டார் சூடேறும், முழுத் திறனும் கிடைக்காது. பட்டு வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நல்ல வழி வி.எஃப்.டி. ஒருமுனை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி மூன்று அலைகளாகத் தரும் மின்னணுப் பெட்டி அது. வேகத்தைத் திருகி மாற்றலாம். மோட்டார் மெல்ல வேகமெடுக்கும். மெல்லிய பட்டிழைக்கு அது பெரிய வரம்.

ஒரு நிபந்தனை உண்டு. சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட்டுக்கு மேல் தராது. நம் ஊரில் சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டவை. டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள் இருக்க வேண்டும். மூன்றைக் குறுக்கே இணைக்கும் பித்தளைத் தகடுகளைக் கழற்றி, மேலும் கீழுமாக ஜோடி ஜோடியாகப் போட்டால் டெல்டா. அதே மோட்டார் 230 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். மூன்று வயர் மட்டும் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு பெரும்பாலும் காயிலுக்குள் புதைந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்க ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

சுவிட்சை அணைத்த பிறகும் வி.எஃப்.டி.க்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். சில நிமிடம் கழித்தே திறக்க வேண்டும். 3 ஹெச்.பி.க்கு மேல் போனால் மும்முனை இணைப்புக்கே விண்ணப்பியுங்கள். மிஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.