பழைய வீட்டில் புதுக் குடித்தனம்

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் மென்பொருள் தொழிலில் அமர்ந்துள்ள நம்மவர் பலருக்கு எதிர்ப்படும் கேள்வி ஒன்றுண்டு. சி++ மொழியில் எழுதப்பெற்ற விண்டோஸ் நிரல் ஒன்று பல்லாண்டுகளாகப் பழுதின்றி உழைத்து வருகிறது. அதன் கணக்கு நுட்பங்களை அறிந்தோர் ஓய்வு பெற்றுவிட்டனர், முகப்போ பழமைப்பட்டுவிட்டது. முழுவதையும் இடித்துக் கட்டினால் அந்நுட்பங்களும் மண்ணோடு போகக்கூடும். வேண்டிய அறையை மட்டும் புதுப்பிக்க வழியுண்டா?

உண்டு. 2002-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட டாட்நெட் அமைப்பில் பொத்தான், அட்டவணை, நாட்காட்டி முதலிய திரைக்கருவிகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. நினைவகத்தைத் தானே மேற்பார்க்கும் சூழலில் இயங்குபவை இவை. பழைய நிரலோ அத்தகைய மேற்பார்வையின்றி நேரே எந்திர மொழியில் ஓடுவது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எங்ஙனம்?

விண்டோஸில் ஒவ்வொரு சாளரத்திற்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. வின்ஃபார்ம்ஸ் கருவிக்கும் அக்குறி இருத்தலால், பழைய சாளரத்தின் சேயாக அதனை அமர்த்தலாம். 1992-இல் தோன்றிய எம்எப்சி நூலகத்தில், விஷுவல் ஸ்டூடியோவின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கெனவே ஒரு வகுப்பைச் சேர்த்தது. ஆக்டிவ்எக்ஸ் கருவிகளை ஏந்திய அதே ஏற்பாட்டின் வழியே புதுக்கருவியும் உள்ளே நுழைகிறது. இருபுறமும் பேசும் துபாஷியாக நிற்பது சி++/சிஎல்ஐ மொழி. 2006-இல் வந்த டபிள்யூபிஎப் கருவிகளுக்கோ தனித்தனிச் சாளரம் இல்லை. அவை யாவற்றையும் ஒரே சாளரத்தினுள் வைத்து ஒப்படைத்தல் வேண்டும்.

ஒட்டுக்குடித்தனத்தில் சங்கடங்கள் இல்லாமற் போகுமா? செய்திகளை வாங்கிப் பகிரும் தலைவாசல் பழைய நிரலின் வசம் உள்ளது. ஆகவே, டாப் விசையை அழுத்தினால் அது புதுக்கருவியைச் சென்றடையாமலே நின்றுவிடலாம். அதற்குத் தனியே வழி செய்தல் வேண்டும். நினைவகத்தைத் துப்புரவு செய்யும் டாட்நெட் பணியாள் பொருள்களை இடம் மாற்றி வைப்பான். எனவே, பழைய நிரல் அவற்றை வெறும் முகவரியால் நினைவிற் கொள்ளலாகாது. ஜிசிரூட் என்னும் பிடியைக் கொள்ளுதல் வேண்டும். திரையின் ஒரு புள்ளிக்கு ஓர் அமைப்பே உரிமையாளர் ஆதலின், டபிள்யூபிஎப் ஓவியத்தைப் பழைய கருவியின்மேல் ஒளி ஊடுருவும் போர்வையாக விரிக்க இயலாது.

ஆதலால், இருபுறமும் கொள்ளும் உறவு குறுகியதாகவும் தெளிவாகவும் அமைதல் நலம். பழையது கணக்கைக் கவனிக்கட்டும். புதியது காட்சியைக் கவனிக்கட்டும். முதலில் ஒரே ஒரு படிவத்தை மாற்றி, விசைப்பலகையாலேயே முழுதும் இயக்கிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுவதே அறிவுடைமை.