பக்கத்தில் ஒரு வள்ளம் வேண்டும்

வல்வெட்டித்துறையில் வளரும் பிள்ளைகளுக்கு ஆழிக்குமரன் ஆனந்தன் யாரென்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1943இல் பிறந்த அந்தச் சட்டத்தரணி, 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து இந்தியக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் நீந்தி வந்தார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் சைக்கிள் ஓடினார். கிட்டத்தட்ட எட்டு நாள். அடுத்த ஆண்டு 33 மணித்தியாலம் ஒற்றைக் காலில் நின்றார். அதற்கும் அடுத்த ஆண்டு சென்னை அண்ணா நீச்சல் குளத்தில், எதையும் பிடிக்காமல், 80 மணித்தியாலம் நின்ற நிலையிலேயே மிதந்தார்.

1984 ஆகஸ்ட் 6. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் போனது. வயது 41.

அந்த முடிவை வைத்து அவர் வாழ்வுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல. 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையைக் கடந்து காட்டிய நாள் முதல், முடியாது என்பதை முடித்துக்காட்டுவது வடமராட்சிக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை இருக்கட்டும். ஆனால் நீண்டதூர நீச்சலில் ஒரு விதி இருக்கிறது. கடலில் இறங்காமலே வாழ்நாள் முழுக்க நீந்திக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்தவர் பலருக்கு அது தேவைப்படுகிறது.

முடிவு வள்ளத்தின் கையில்

ஆங்கிலக் கால்வாயை யாரும் தனியே நீந்துவதில்லை. பக்கத்தில் ஒரு வள்ளம் வரும். அதிலிருந்து உணவும் நீரும் கொடுக்கலாம், நீந்துபவரைத் தொடக்கூடாது. தொட்டால் முயற்சி முடிந்தது. கோடையில்கூட அந்த நீர் 15 முதல் 18 பாகை செல்சியஸ்தான். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பில் பழகிய உடம்புக்கு அது வேறு உலகம். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது கையும் காலும் மட்டுமல்ல, புத்தியும் மந்தமாகத் தொடங்கும். அந்த நேரத்தில் கேட்டால் நீந்துபவர் "எனக்கு ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வார். அதனால் வள்ளத்தில் இருப்பவர்கள் அவரிடம் பெயர், ஊர் என்று எளிய கேள்விகள் கேட்டுப் பார்ப்பார்கள். பதில் தடுமாறினால் தூக்கி ஏற்றிவிடுவார்கள். போதும் என்று சொல்லும் அதிகாரம் நீந்துபவரிடம் மட்டும் விடப்படுவதில்லை.

களைத்தவருக்குக் களைப்புத் தெரியாது

நித்திரை விடயத்திலும் இதே கதைதான். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், இரண்டு வாரம் நாளுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ படுக்கையில் இருந்தவர்களின் கவனமும் நினைவும், இரண்டு இரவு வரை முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்குச் சரிந்திருந்தன. கவலைப்பட வேண்டிய பகுதி இனித்தான்: தங்கள் மூளை அவ்வளவு மங்கிவிட்டதை அவர்கள் பெரும்பாலும் உணரவேயில்லை. கொஞ்சம் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். கண்விழித்திருக்கும் சாதனையைக் கின்னஸ் நிறுவனமே 1997இல் கைவிட்டது. உடலுக்கு ஆபத்து என்பதே காரணம்.

கின்னஸ் நிறுத்திய போட்டியை யாழ்ப்பாணத்து வீடுகள் நிறுத்தவில்லை. விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பிப் படிப்பு, பள்ளிக்கூடம், பிறகு ரியூசன், இரவு பதினொரு மணிவரை கடந்தகால வினாத்தாள். உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு இது சாதாரண நாள். இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, வெளி மாவட்டப் பிள்ளையைவிடக் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் மருத்துவமும் பொறியியலும் கிடைக்கும் என்ற நிலை இங்கே வந்தது. பிறகு யுத்தம். வீடு, வளவு, தோட்டம், வள்ளம் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள் கையோடு கொண்டுபோக முடிந்தது படிப்பை மட்டுந்தான். அந்தப் பயம் தாய் தகப்பனின் எலும்பில் ஊறியிருக்கிறது. ஆனாலும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும் என்பதை உடம்பு மாற்றிக்கொள்ளவில்லை. பகலில் படித்தது நினைவில் பதிவதே நித்திரையில்தான். நித்திரையை வெட்டிப் படிப்பது, நட்ட கன்றுக்குத் தண்ணீரை மறிப்பது போன்ற வேலை.

நெருப்பு அணைவதன் அடையாளங்கள்

பல்கலைக்கழகம் கிடைத்து, உத்தியோகமும் கிடைத்த பிறகாவது ஓட்டம் குறைகிறதா? இல்லை. பகலில் அரச வைத்தியசாலை, மாலையில் தனியார் கிளினிக். பகலில் பள்ளிக்கூடம், இரவில் ரியூசன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரண்டு வேலை செய்து ஊருக்குக் காசு அனுப்பும் அண்ணன்மார். "அந்தாளுக்கு வேலையெண்டால் உயிர்" என்பது இங்கே பாராட்டு.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட கணக்கு இது: வாரம் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவரைவிட, பாரிசவாத ஆபத்து 35 வீதம் கூடுகிறது; இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் கூடுகிறது. பிரஷரும் சலரோகமும் நிறைந்த ஊரில் இது சிறிய விடயமல்ல.

பாரிசவாதம் வருவதற்கு வெகு முன்பே பணிச்சோர்வு வந்துவிடும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிய களைப்பு, செய்யும் வேலையில் விலகலும் வெறுப்பும், எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். நோயாளியைக் கண்டால் எரிந்து விழும் வைத்தியரும், மாணவன் கேள்வி கேட்டால் சினக்கும் ஆசிரியரும் கெட்ட மனிதர்களாகப் பிறந்தவர்கள் அல்ல. பலர் நல்லவர்களாக இருந்து களைத்தவர்கள்.

யாருக்காக நீந்துகிறோம்?

ஆனந்தன் கடலில் இறங்கியது அவருடைய சொந்த ஆசையில். இங்கே பல பிள்ளைகள் நீந்துவது சபையில் சொல்ல அப்பாவுக்கு ஒரு சேதி வேண்டும் என்பதற்காக. இந்த வித்தியாசம் உடம்புக்கும் தெரியும். பட்டதாரிகளைப் பின்தொடர்ந்த ரொச்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2009இல் எழுதியது: தன் வளர்ச்சி, நெருங்கிய உறவு, பிறருக்கு உதவி ஆகிய குறிக்கோள்களை எட்டியவர்களின் நலம் கூடியது. பணம், புகழ், தோற்றம் ஆகியவற்றை எட்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பதற்றம் போன்ற தொல்லைகளே கூடின. தோற்றவர்களைப் பற்றிய முடிவல்ல இது, வென்றவர்களைப் பற்றியது.

வள்ளத்தில் ஏற்ற வேண்டியவர்கள்

ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய வாழ்நாள் ஆய்வு இன்னும் தொடர்கிறது. எண்பது வயதில் யார் சுகமாக இருப்பார் என்பதை, ஐம்பது வயதில் இருந்த கொழுப்பின் அளவைவிட அப்போதைய உறவுகளின் திருப்தியே நன்றாகக் காட்டியது. யாழ்ப்பாணத்தில் உறவுக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் வாசிகசாலை உண்டு. அதன் முன்னால் பின்னேரம் கரப்பந்து நடக்கும். கீரிமலைக் குளிப்பு, நல்லூர்த் திருவிழாவின் 25 நாள், முற்றத்தில் சுற்றி இருந்து குடிக்கும் ஒடியற்கூழ் எல்லாம் இருக்கின்றன. சாதிக்கப் புறப்பட்டவர் முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

ஆகவே, நீச்சலைத் தொடங்கும்போதே ஒருவரை வள்ளத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மனைவி, தமக்கை, பழைய சிநேகிதன், யாராகவும் இருக்கலாம். "நான் இரண்டு கிழமை ஒழுங்காக நித்திரை கொள்ளாவிட்டால், பிள்ளையோடு இருந்து சாப்பிடாவிட்டால், நீ மறி, நான் கேட்பேன்" என்று, புத்தி தெளிவாக இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். களைத்த பிறகு சொன்னால் எடுபடாது. 35 வயது கடந்தவர்கள் அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டு கிடந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இரவு பகலாக இயங்குகிறது.

வீட்டில் உயர்தரம் எழுதும் பிள்ளை இருந்தால், பெற்றோரே, வள்ளத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான். இன்று இரவு பத்து மணிக்கு அந்த மேசை விளக்கை நீங்களே போய் அணைத்துவிடுங்கள்.