சிறிய இருப்புப் பாதைகள்

பெரியதொன்றைக் கண்டு வியந்த மனம், அதனைச் சிறியதாகச் செய்து கையில் வைத்துப் பார்க்க விரும்புகின்றது. இவ்விருப்பம் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிடுகின்றது. வீதியில் தேர் ஓடக் கண்ட சிறுவன், வீட்டு முற்றத்தில் சிறுதேர் உருட்டுகின்றான். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவமே ஆகும். தேரோடும் நாட்டில் சிறுதேர் பிறந்தது போலவே, புகைவண்டி ஓடிய நாடுகளில் சிறு புகைவண்டி பிறந்தது. ஆனால் சிறுதேர் குழந்தையோடு நின்றுவிட்டது. சிறு புகைவண்டியோ வளர்ந்தவர்களையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. மருத்துவர், கணக்கர், ஆசிரியர், தச்சர் எனப் பல தொழில் செய்வோர், தம் ஓய்வு நேரத்தில் வீட்டின் ஓர் அறையில் மலையும் ஆறும் பாலமும் நிலையமும் அமைத்து, அவற்றினூடே சிறு வண்டிகளை ஓட்டி மகிழ்கின்றனர். தாம் செய்ததைப் பிறர்க்குக் காட்டியும், பிறர் செய்ததைக் கண்டு கற்றும், இப்பொழுதுபோக்கை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர்.

பொம்மையும் மாதிரியும் :

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் தகரத்தாலான புகைவண்டிப் பொம்மைகள் பல விற்பனையாயின. 1891-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மார்க்லின் நிறுவனத்தார், லைப்சிக் நகரக் கண்காட்சியில் ஒரு புதுமையைப் புகுத்தினர். சாவி கொடுத்தால் ஓடும் வண்டியோடு, ஒன்றோடொன்று இணைக்கத்தக்க தண்டவாளத் துண்டுகளையும் அவர்கள் விற்பனைக்கு வைத்தனர். பாதையின் அகலம் வரையறுக்கப்பட்டிருந்தமையால், இவ்வாண்டு வாங்கிய துண்டோடு மறு ஆண்டு வாங்கும் துண்டும் பொருந்தியது. வண்டி மட்டும் பொம்மையாக இருந்த நிலை மாறி, வளரக்கூடிய ஓர் இருப்புப் பாதை குழந்தைகளுக்குக் கிடைத்தது. பின்னர், 1920-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பார் தம் பெயரால் வண்டிகளை வெளியிட்டார்.

பொம்மைக்கும் மாதிரிக்கும் வேறுபாடு உண்டு. பொம்மை மூலப்பொருளை நினைவூட்டினால் போதும். மாதிரியோ அதனோடு அளவில் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்த பெரியவர்கள் ஒன்றுகூடத் தொடங்கினர். 1910-இல் இலண்டன் மாநகரில் தோன்றிய மாதிரி இருப்புப் பாதைக் கழகம், இவ்வகைக் கழகங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகின்றது.

அளவும் கணக்கும் :

மாதிரி அமைப்போர் பல அளவுகளைக் கையாளுகின்றனர். அவற்றுள் உலகெங்கும் மிகுதியாக வழங்குவது 87-இல் ஒரு பங்கு என்னும் அளவாகும். உண்மையான பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள 1435 மில்லிமீட்டர், இவ்வளவில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்குகின்றது. 174 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 2 சென்டிமீட்டர் உயரமாகின்றான். 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி ஏறக்குறைய 23 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகின்றது.

இங்கே ஒரு வியப்பைக் காணலாம். நீளம் 87 மடங்கு குறைந்தால் எடையும் 87 மடங்கு குறையும் என்று எண்ணுதல் பிழையாகும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுமே 87 மடங்கு குறைவதால், எடை 87-ஐ மும்முறை பெருக்கி வரும் 6,58,503 மடங்கு குறைகின்றது. இக்கணக்கின்படி 100 டன் எடையுள்ள எஞ்சின், 150 கிராம் அளவே இருக்கும். அவ்வளவு இலேசான எஞ்சினின் சக்கரங்கள் தண்டவாளத்தில் நன்கு பற்றமாட்டா. பல பெட்டிகளை இழுக்கவும் அதனால் இயலாது. ஆகவே மாதிரி செய்வோர் எஞ்சினுக்குள் ஈயத் துண்டுகளை வைத்து எடையைக் கூட்டுகின்றனர்.

இடத்தைப் பற்றிய இடர்ப்பாடு இதனினும் பெரிது. 350 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை இவ்வளவில் அமைக்க வேண்டுமானால், அதன் ஆரம் 4 மீட்டர் ஆகும். வண்டி அரைவட்டமாகத் திரும்புவதற்கே 8 மீட்டர் அகலமுள்ள கூடம் வேண்டும். 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு நிலையங்களுக்கு இடையே 115 மீட்டர் தேவைப்படும். இத்தகைய இடம் யாருடைய வீட்டில் இருக்கும்? எனவே வளைவை இறுக்கியும், தொலைவைக் குறைத்தும், அக்குறை தோன்றாதவாறு இடையிடையே குன்றும் குகைவழியும் மரச்செறிவும் வைத்தும் அமைக்கின்றனர். எதனைச் சுருக்குவது, எதனைச் சுருக்காது விடுவது என்று தேர்ந்தறிவதிலேதான் இக்கலையின் நுட்பம் அமைந்திருக்கின்றது.

அமைக்கும் முறை :

முதலில் உறுதியான மரச்சட்டம் அமைத்து, அதன்மேல் பாதையின் போக்கை வரைந்துகொள்கின்றனர். ஒரு பாதையின்மேல் மற்றொரு பாதை பாலமாகக் கடந்து செல்ல வேண்டுமானால், மேற்பாதை 8 சென்டிமீட்டர் அளவேனும் உயர்தல் வேண்டும். 100 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் ஏற்றம் என்று கொண்டால், அவ்வுயரத்தை அடைய 4 மீட்டர் நீளப் பாதை தேவைப்படும். ஏற்றத்தை மிகுத்தால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். இவ்வாறு ஒவ்வோர் அடியும் கணக்கோடு பிணைந்துள்ளது.

தண்டவாளம் பதித்த பின்னர் மலைகள் எழுகின்றன. கம்பி வலையை மேடுபள்ளமாக வளைத்து, அதன்மேல் சாந்தில் தோய்த்த தாளையோ துணியையோ பரப்பி உலர்த்தினால் மலையின் உருவம் வந்துவிடும். சாயமேற்றிய மரத்தூள் புல்லாகின்றது. முறுக்கிய கம்பிகளும் உலர்ந்த செடித்தண்டுகளும் மரங்களாகின்றன. அடுக்கடுக்காகப் பூசிய மெருகெண்ணெய் ஆற்று நீராகின்றது. விலையுயர்ந்த பொருள்களைவிடக் கூர்ந்து நோக்கும் கண்ணே இங்கு மிகுதியாகப் பயன்படுகின்றது. பாறையின் நிறம் யாது? மழைநீர் வழிந்த சுவரில் கறை எவ்வாறு படிகின்றது? நிலக்கரிப் புகை எந்த இடத்தைக் கருப்பாக்கும்? மாதிரி செய்யத் தொடங்குமுன் இவற்றை எல்லாம் பார்த்தறிந்திராதவர்கள், செய்யத் தொடங்கியபின் உலகையே புதிய கண்ணோடு பார்க்கின்றனர்.

குறையைக் கூறுதலும் நிறையைக் கூறுதலும் :

இக்கலையில் ஈடுபட்டோர், பணி முடியும்வரை மறைத்துவைத்திருந்து பின்னர் வெளியிடுவதில்லை. சட்டம் அமைத்த நாள் முதற்கொண்டே ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துக் காட்டுகின்றனர். நன்றாக வந்ததைக் கூறுவது போலவே, நன்றாக வாராததையும் கூறுகின்றனர். இவ்வழக்கத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டினால் அறியலாம்.

சிறு வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே செல்கின்றது. ஒரு தண்டவாளம் நேர்முனையாகவும் மற்றொன்று எதிர்முனையாகவும் இருக்க, மின்னோட்டம் சக்கரங்களின் வழியாக எஞ்சினில் உள்ள மோட்டாரை அடைகின்றது. புதிதாகத் தொடங்கும் ஒருவர், சென்ற வண்டி அதே பாதையில் திரும்பி வருதல் வேண்டும் என்று எண்ணிப் பாதையின் முடிவில் ஒரு வளையம் அமைக்கின்றார். பார்வைக்கு அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மின்விசையைத் திருப்பியவுடன் எல்லாம் செயலற்றுப் போகின்றன. எஞ்சின் பழுதாயிற்றோ, கம்பி அறுந்ததோ என்று அவர் பல நாள் தேடுகின்றார். உண்மையான காரணம் வேறு. இடப்பக்கத் தண்டவாளம் வளையத்தைச் சுற்றிவந்து வலப்பக்கத் தண்டவாளத்தோடு சேர்ந்துவிட்டது. நேர்முனையும் எதிர்முனையும் நேராகத் தொட்டுக்கொண்டன. முன்னரே அத்துன்பத்தை அடைந்த ஒருவர் அருகில் இருந்தால், "வளையத்தின் இரு முனைகளிலும் தண்டவாளங்களை வெட்டி மின்னோட்டத்தைப் பிரியுங்கள், வண்டி உள்ளே இருக்கும்போது மின்திசையை மாற்ற ஒரு விசை வையுங்கள்" என்று ஒரே சொல்லில் தீர்த்துவைப்பார். ஒருவர் பல நாள் பட்ட பாடு, மற்றொருவர்க்குச் சில நொடிகளில் பாடமாகின்றது.

ஒன்றுபட்ட அளவு :

தனித்தனியே உழைப்போர் ஒன்றுகூட வேண்டுமானால் பொதுவான அளவு வேண்டும். தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சக்கரம் மற்றொரு நிறுவனத்தின் பாதையில் ஓடாது; ஒருவர் பெட்டியின் கொக்கி மற்றவர் பெட்டியில் மாட்டாது. இக்குறையை நீக்கும்பொருட்டு, 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தேசிய மாதிரி இருப்புப் பாதைச் சங்கம் நிறுவப்பட்டது. சக்கர விளிம்பின் தடிப்பு, சக்கரங்களின் இடைவெளி, பாதை பிரியும் இடத்தின் அமைப்பு ஆகியவற்றுக்கு அச்சங்கத்தார் அளவுகளை வகுத்தனர். பின்னர் ஐரோப்பாவில் 1981-இல் தோன்றிய பிரெமோ என்னும் அமைப்பு இக்கருத்தை மேலும் வளர்த்தது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் பாதையின் ஒரு துண்டை மட்டும் செய்கின்றனர். நடுப்பகுதி அவரவர் விருப்பம். இரு முனைகளின் அளவு மட்டும் பொது. ஒரு பெருங்கூடத்தில் அனைவரும் கூடித் தத்தம் துண்டுகளை இணைக்கும்போது, யார் வீட்டிலும் அடங்காத நீண்ட இருப்புப் பாதை உருவாகின்றது.

மறையும் ஊர்களைக் காத்தவர் :

ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலாந்து என்னும் இளைஞர், அந்நாட்டுச் சிற்றூர்களின் அழகில் உள்ளம் தோய்ந்தார். ஆயின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக அழிந்தும் மாறியும் வருவதைக் கண்டு வருந்தினார். அவற்றைத் தடுத்து நிறுத்த அவரால் இயலவில்லை; அளந்து வைக்க இயன்றது. வீடுகளை அளந்தும் படமெடுத்தும் நிறம் குறித்தும் அட்டையில் அவற்றின் மாதிரிகளைச் செய்யலானார். அவர் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம், 1954 முதல் லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் விளங்கிவருகின்றது. அங்குத் தொண்டர்கள் கூடி, 1920-களிலும் 1930-களிலும் இருந்த கிராமப்புறத்தை அதனூடே செல்லும் இருப்புப் பாதையோடு அமைத்துள்ளனர். ஜான் ஆஹெர்ன் என்பார் இலண்டனில் தம் இல்லத்தில் அமைத்திருந்த புகழ்மிக்க மேடர் பள்ளத்தாக்குப் பாதையும், 1961-இல் அவர் மறைந்த பின்னர் அழியாமல் இவ்வருங்காட்சியகத்திலேயே இடம் பெற்றது.

எரிந்ததும் எஞ்சியதும் :

எல்லாப் படைப்புகளுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் மாண்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் என்பார், தம் வீட்டின் அடித்தளத்தில் பல்லாண்டுகள் உழைத்து ஒரு மலைநாட்டு இருப்புப் பாதையை அமைத்தார். அவர் படமெடுக்கும் தொழிலில் வல்லவர். தரையிலிருந்து கூரைவரை மலைகளை உயர்த்தியும், கண்ணாடிகளை மறைவாகப் பொருத்திச் சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டியும், வண்டிகளுக்கு வெயிலும் மழையும் பட்ட பழமைத் தோற்றத்தை ஊட்டியும் காண்போரை வியக்கவைத்தார். நண்பர்கள் கூடி, கால அட்டவணைப்படி அங்கு வண்டிகளை இயக்கினர். 1973-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் காலமானார். சில நாள்களுக்குள் அவ்வீட்டில் தீப்பற்றி, அவருடைய வாழ்நாள் உழைப்புச் சாம்பலாயிற்று.

எனினும் அவருடைய கலை சாம்பலாகவில்லை. தாம் செய்த ஒவ்வொன்றையும் அவர் படமெடுத்தும், செய்முறையை இதழ்களில் எழுதியும் பிறர்க்கு வழங்கியிருந்தார். அவருடைய பணிகளை விளக்கும் நூல் 1981-இல் வெளிவந்தது. அவர் கையாண்ட முறைகளை இன்றும் பல நாட்டினர் கற்றுக் கையாளுகின்றனர். பூட்டிவைத்திருந்தது எரிந்தது; பகிர்ந்து கொடுத்தது எஞ்சியது.

விளையாட்டிலிருந்து அறிவியல் :

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழக மாணவர்கள், 1946-47 கல்வியாண்டில் மாதிரி இருப்புப் பாதைக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். சிலர் மலைகளையும் வீடுகளையும் செய்தனர். வேறு சிலர் பலகையின் அடியில் அமர்ந்து, தொலைபேசிக்குரிய மின்விசைக் கருவிகளைக் கொண்டு வண்டிகளை இயக்கும் சுற்றுகளை அமைத்தனர். 'இவ்விசை திறந்திருந்தால் அவ்விசை மூடுக' என்று எண்ணிப் பழகிய அவ்விளைஞருட் சிலர், 1950-களின் இறுதியில் கல்விக்கழகத்திற்கு வந்த கணிப்பொறியை அணுகியபோது அது அவர்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. கணிப்பொறி விளையாட்டுகளுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றாகிய விண்வெளிப் போர் விளையாட்டு, 1962-இல் இக்கழகத்தோடு தொடர்புடையவர்களால் உருவாக்கப்பட்டதே. விளையாட்டாகக் கற்றது வீண்போகவில்லை.

முடிவுரை :

சிறிய இருப்புப் பாதையால் ஒருவரும் ஓர் ஊர் விட்டு மற்றோர் ஊர் செல்வதில்லை. ஆயினும் அது கணக்கையும் கைத்திறனையும் பொறுமையையும் கற்பிக்கின்றது. அறையின் ஒரு மூலையில் தனித்திருந்து உழைப்பவனைப் பிறரோடு சேர்த்துவைக்கின்றது. தன் வண்டி எங்கே தடம் புரண்டது என்பதை ஒருவன் மறைக்காமல் சொல்லும்போது, அவனுக்குப் பின் வருவோரின் வண்டி தடம் புரளாமல் ஓடுகின்றது. இப்பண்பு எத்தொழிலுக்கும் எக்கல்விக்கும் வேண்டுவதே ஆகும்.