அடுப்படியில் நின்றவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து, 1789-இல் தனக்கெனச் சட்டதிட்டம் வகுத்துக்கொண்டது எபிஸ்கோப்பல் திருச்சபை. அதன் சிற்றூர்ச் சபைகள் பலவற்றில் ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் சில பத்துப் பேரே. முழுநேரக் குருவானவருக்கு ஊதியம் தரவும் இயலாத அச்சபைகளைச் சிதறாமல் காப்பது வழிபாட்டு நாட்காட்டிதான் என்பது என் கருத்து.

லெந்து காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயன்று சபைக் கூடத்தில் பான்கேக் விருந்து நடக்கும். நோன்புக்கு முன் வீட்டிலுள்ள முட்டை, பால், கொழுப்பு ஆகியவற்றைத் தீர்த்துவிடும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் இடப்படும் சாம்பல், சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துப் பெறுவது. ஓலைகளை வீடுகளிலிருந்து திரட்டவும், எரிக்கவும், சலிக்கவும் ஆட்கள் வேண்டும். அக்டோபர் 4-ஐ ஒட்டி, அசிசி நகர பிரான்சிஸின் நினைவாக வளர்ப்பு விலங்குகளுக்கு ஆசி வழங்குவார்கள். (ஆலயப் பக்கமே வராதவர்களையும் அன்று அவர்களுடைய நாய்கள் இழுத்து வந்துவிடும்.)

திருவிருந்தை நடத்தக் குருவானவர் வேண்டும். காலை வழிபாட்டையோ, 1979-ஆம் ஆண்டின் பொது வழிபாட்டுப் புத்தகத்தின்படி, பொதுநிலையினரே நடத்தலாம். ஆகவே, குருவானவர் இல்லாத ஞாயிறுகளிலும் சபை கூட முடிகிறது.

இத்தகைய சபையை மூடலாமா, அண்டைச் சபையோடு இணைக்கலாமா என்று ஆராய்வோர் முதலில் எடுப்பது வருகைப் பதிவேட்டை. அந்தச் செவ்வாய் இரவில் அடுப்படியில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும்.