ஓர் இரவல் கேமரா, ஒரு வீல்சேர், ஓர் ஆமை!

திரையில் எந்திரத் துப்பாக்கி படபடவென்று பொரிந்து தள்ளுகிறது. அடியாட்கள் சரிகிறார்கள், தோட்டா உறைகள் தரையில் சிதறி ஓடுகின்றன, நம் காது அதிர்கிறது. படப்பிடிப்பில் அந்தத் துப்பாக்கி ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு முறைதான் வெடித்தது! உள்ளூர் போலீஸிடம் கேட்டு வாங்கிய நிஜத் துப்பாக்கி அது. வெற்றுத் தோட்டா போட்டால் ஒரு வெடியோடு சிக்கிக்கொண்டு நின்றுவிடும். இயக்குநர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கோணத்தில் ஒரு வெடி. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேறு கோணத்தில் இன்னொரு வெடி. உறைகள் கீழே விழுவது தனி ஷாட். எடிட்டிங்கில் எல்லாவற்றையும் பின்னி, மேலே தொடர் வெடிச் சத்தத்தை ஏற்றிவிட்டார். அவ்வளவுதான், குண்டு மழை தயார்!

படம் ‘எல் மரியாச்சி’. இயக்கியவர் ராபர்ட் ரோட்ரிகஸ், அப்போது வயது 23. 1991 கோடையில் மெக்ஸிகோவின் எல்லையோர ஊரான சியுதாத் அகூன்யாவில் எடுத்தார். ஆற்றைத் தாண்டினால் டெக்சஸ். மொத்தச் செலவு 7,000 டாலர் சொச்சம். அதிலும் பெரும்பகுதி ஃபிலிம் வாங்கவும், கழுவவும், வீடியோவுக்கு மாற்றவுமே போனது. யூனிட் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? அவர்தான் யூனிட்! எழுத்து, கேமரா, லைட்டிங், ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் ஒரே ஆள். ஷாட்டில் இல்லாத நடிகர் சும்மா நிற்க முடியாது, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு உதவ வேண்டும்.

பணம் வந்த கதை இன்னும் அட்டகாசம். ஆஸ்டின் நகரில் ஒரு மருந்து ஆராய்ச்சி மையத்தில் புதிய மருந்தைச் சோதிக்கத் தன் உடம்பைக் கொடுத்து, ஒரு மாதம் உள்ளேயே தங்கினார். கிடைத்தது சுமார் 3,000 டாலர். வெளியே போக முடியாத அந்த நாட்களில் திரைக்கதையை எழுதினார். அதோடு நின்றாரா? அதே சோதனைக்கு வந்து பக்கத்துப் படுக்கையில் இருந்த பீட்டர் மார்க்வார்ட்டை வில்லனாகப் போட்டுவிட்டார்! மார்க்வார்ட்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது. படம் முழுக்க ஸ்பானிஷ். வசனத்தை வெறும் ஓசையாக மனப்பாடம் செய்து பேசினார்.

கதையை யோசித்துவிட்டுப் பொருள் தேடுவதுதான் வழக்கம். இவர் தலைகீழாகப் போனார். முதலில், கையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார். நண்பரும் கதாநாயகனுமான கார்லோஸ் கயார்தோ அந்த ஊர்க்காரர். அவரிடம் ஒரு நாய் இருந்தது. உறவுக்காரர்கள் வழியாக மதுக்கடை, பண்ணை, பஸ் எல்லாம் கிடைக்கும். ஓர் ஆமையும் கிடைத்தது. இவற்றையெல்லாம் உள்ளே வைத்துத்தான் கதையைக் கட்டினார். வேலை தேடி ஊருக்குள் வரும் பாடகன் கையில் கிடார் பெட்டி. சிறையிலிருந்து தப்பிய கொலைகாரன் கையிலும் கிடார் பெட்டி, உள்ளே துப்பாக்கிகள். இரண்டு பேரும் கறுப்பு உடை. ஆள் மாறாட்டம், துரத்தல், தூள்! சாலையை மெல்லக் கடக்கும் அந்த ஆமை எந்தக் கலை இயக்குநரும் யோசித்து வைத்ததல்ல. கிடைத்தது, வைத்தார், படத்துக்கே ஓர் அழகு வந்துவிட்டது.

படப்பிடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வித்தை. டிராலிக்குப் பதில் வீல்சேர்: கேமராவோடு அதில் உட்கார்ந்துகொண்டு தள்ளச் சொன்னார். விளக்கு என்றால் கவ்வி மாட்டும் சாதாரண விளக்கு இரண்டு. கிளாப் பலகையும் கிடையாது. அதைக் காட்டும் நேரத்துக்கு ஓடும் ஃபிலிம் வீண்தானே! நடிகர்கள் காட்சி எண்ணை விரல்களால் காட்டிவிட்டு நடிக்க ஆரம்பித்தார்கள். குண்டு பட்டு ரத்தம் தெறிக்க வேண்டுமா? எடை தூக்குபவர்கள் கட்டும் தடித்த பெல்ட்டை உடைக்குள் கட்டி, அதன்மேல் செயற்கை ரத்தம் நிரப்பிய ஆணுறை. சில காட்சிகளில் கையில் இருப்பது தண்ணீர்த் துப்பாக்கி!

பெரும்பாலும் ஒரே டேக். பிழை வந்தாலும் அதுதான் படம். நாயகன் ஓடும்போது கையிலிருக்கும் துப்பாக்கி தெருக் கம்பத்தில் இடிக்கிறது. இன்னொரு இடத்தில் கிடார் பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கி எறிகிறான், போய்ச் சேரவில்லை. இரண்டும் படத்தில் இருக்கின்றன. எனக்கு அவை பிழையாகவே தெரியவில்லை. துப்பாக்கி பிடித்தே பழகாத ஒரு பாட்டுக்காரன் உயிருக்குப் பயந்து ஓடினால் இடிக்காமலா ஓடுவான்? இதற்கெல்லாம் மேலே ஒன்று: படப்பிடிப்பைக் குறை சொன்ன உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களுக்குச் சிறு வேடம் கொடுத்து நடிக்கவே வைத்துவிட்டார்!

ஸ்பானிஷ் வீடியோ கேசட் சந்தையில் விற்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போவதுதான் திட்டம். ஆனால் கொலம்பியா பட நிறுவனம் அதை வாங்கி, 16 எம்எம் படத்தை 35 எம்எம்முக்குப் பெரிதாக்கி, ஒலியைச் சீராக்கியது. அந்த வேலைக்கு ஆன செலவு படத்தின் செலவைப் போலப் பல மடங்கு. 1993 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது, அடுத்த மாதம் தியேட்டர். 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு மிகப் பிடித்த ரகசியத்தை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்: ஒலி!

இரவல் வாங்கிய அந்த ஆரிஃபிளெக்ஸ் 16எஸ் கேமரா ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். நடிக்கும்போதே வசனத்தைப் பதிவு செய்ய வழியே இல்லை. நம் ஊர் என்றால் பின்னால் டப்பிங் தியேட்டருக்குப் போய், திரையில் ஓடும் உதட்டைப் பார்த்துப் பேசிவிடலாம். ரோட்ரிகஸிடம் அதற்குப் பணம் ஏது? ஷாட் முடிந்த கையோடு கேமராவை நிறுத்தினார். அதே இடத்தில், அதே மூச்சில், நடிகரை வசனத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மைக்கை வாயருகே கொண்டுபோய் கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தார். அப்போதுதான் பேசி முடித்ததால் வேகமும் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் அப்படியே வந்தன. மைக் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் குரல் துல்லியமாகவும் விழுந்தது. பிறகு ஆஸ்டினில் ஒரு கேபிள் டிவி நிலையத்தில் உட்கார்ந்து, படத்தையும் குரலையும் கையாலேயே வரி வரியாகப் பொருத்தினார்.

எவ்வளவு பொருத்தினாலும் கொஞ்ச நேரத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று நழுவும். நழுவும் அந்த நொடியில், டக்கென்று வெட்டு! எதிரில் இருப்பவர் முகம். மறுபடி நழுவினால் மறுபடி வெட்டு, வேறு கோணம், இல்லாவிட்டால் நாய். அந்தப் படத்தின் துள்ளலான வேகம் அப்படிப் பிறந்ததுதான்! இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இரட்டிப்புச் சந்தோஷம். நீளமான வசனக் காட்சி ஒன்றை எடுத்து, பேசுகிறவரின் உதட்டையே உற்றுப் பாருங்கள். நாயின் முகம் வந்தால் கைதட்டுங்கள், அங்கேதான் குரல் நழுவியிருக்கும்!