நாய்க்கு உகந்த உணவு

நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஆகவே பச்சை இறைச்சியே அதற்கு இயல்பான உணவு என்பர் சிலர். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய நூல் இக்கொள்கைக்கு வலிமை தந்தது. ஆயினும், மனிதனோடு வாழ்ந்த நாய் ஓநாயாகவே நின்றுவிடவில்லை. மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு உண்டென 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

வெறும் இறைச்சியில் பாஸ்பரம் மிகுதி, சுண்ணச்சத்தோ குறைவு. அதனையே உண்டு வளரும் குட்டியின் எலும்பு வலுவிழக்கும். மேலும், பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா முதலிய நுண்ணுயிர்கள் இருத்தல் கூடும். உறைய வைத்தாலும் அவை முற்றும் அழிவதில்லை. நோயின்றித் திரியும் நாயின் மலத்தின் வழியே அவை வீட்டுக் குழந்தையையும் அடையலாம்.

தொழிற்சாலைத் தீனியும் குற்றமற்றதன்று. 2007-இல் மெலமின் கலந்த தீனியை உண்டு, வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. எனினும், முழு ஊட்டமுடையதெனக் குறிக்கப்பெற்ற உலர் தீனியில் சத்துக்கள் அளவறிந்து சேர்க்கப்படுகின்றன. அதனை மிகுதியாக இட்டால் நாய் பருத்துவிடும்.

ஆதலின், இறைச்சி அளிக்க விரும்புவோர் அதனை வேகவைத்து, பிற சத்துக்களின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து அளிப்பாராக. வெந்த எலும்பு மட்டும் வேண்டா. அது சிலாம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். இட்டதை உண்ணும் உயிருக்கு ஏற்றதை இடுவது நம் கடன்.